டிஸ்க்குக்குள் ஒளிந்திருக்கும் டிரம்

ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டி வந்தால், பட்டறையில் கை முதலில் போவது கேபிளின் அட்ஜஸ்ட்மென்ட் நட்டுக்குத்தான். ஸ்பேனரைப் போட்டு நாலு சுற்று இறுக்குவார்கள். லீவர் விறைப்பாகிவிடும். "இப்ப இழுத்துப் பாருங்க" என்பார்கள். மூன்றாவது, நான்காவது பல்லிலேயே கை நின்றுவிடும். வண்டிக்காரர் திருப்தியாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார். சில மாதங்களில் அதே புகாரோடு திரும்பி வருவார். இல்லையென்றால், நிறுத்திவிட்டுப் போன வண்டி தானாக உருண்டு தேயிலைச் செடியிலோ பக்கத்து வீட்டுச் சுவரிலோ போய் நின்ற பிறகு வருவார். குன்னூரில் தொழில் செய்கிற எனக்கு இது பழகிப்போன கதை. பழகினாலும் கோபம் குறையவில்லை. இறுக்கியது கேபிளை. கெட்டுப்போனது சக்கரத்துக்குள் இருக்கும் ஷூ.

நான் வேலை கற்றது மேட்டுப்பாளையத்தில், ஒரு தகரக் கொட்டகையில். அப்போது வந்தவை பெரும்பாலும் அம்பாசடரும் மாருதி 800-ம். இரண்டிலும் பின் சக்கரத்தில் டிரம் பிரேக். காலால் மிதித்தாலும் கையால் இழுத்தாலும் விரிவது அதே ஜோடி ஷூக்கள்தான். மிதித்தால் வீல் சிலிண்டர் தள்ளும். இழுத்தால் கேபிள் தள்ளும். ஷூ தேய்ந்தால் கால் பிரேக்கும் சேர்ந்து தடுமாறும் என்பதால் யாரும் அதை ரொம்ப நாள் கவனிக்காமல் விட முடியாது. ஷூவையே புதிதாக வாங்குவதும் அன்று அபூர்வம். பழைய ரிவெட்டைத் துளைத்து எடுத்து, இரும்பை நன்றாகச் சுரண்டி, புது லைனரை வைத்து, நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் ரிவெட் அடிப்போம். ஓரத்தில் தொடங்கினால் லைனர் நடுவில் தூக்கிக்கொள்ளும். அந்த லைனர்கள் பெரும்பாலும் சென்னையில் செய்தவை. 1962-இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா, 1964-இல் ரானே பிரேக் லைனிங், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று இந்த நாட்டின் பிரேக் தொழிலில் பெரும்பங்கு நம் மாநிலத்தில்தான் வளர்ந்தது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தக் காலத்து லைனரில் கல்நார் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தள்ளுவது எல்லாப் பட்டறையிலும் வழக்கம். கல்நார் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது; புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். இப்போது கல்நார் இல்லாத லைனர் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் உங்கள் வண்டிக்குள் இருக்கும் பழைய ஷூ எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஊதாதீர்கள். தண்ணீரோ பிரேக் கிளீனரோ தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரிடமும் சமாதானம் பேசுவதில்லை.

பிறகு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் வைத்த வண்டிகள் மலைக்கு ஏறி வந்தன. டிஸ்க்கைப் பிடித்து நிறுத்துவது கேலிப்பர். ஓடுகிற வண்டியை நிறுத்த அதைவிடச் சிறந்தது கிடையாது. நின்ற வண்டியைக் கேபிளால் பிடித்து வைக்கத்தான் அது அவ்வளவு வசதியில்லை. சில கம்பெனிகள் கேலிப்பருக்குள்ளேயே ஒரு திருகு வைத்துச் சமாளித்தன. வேறு சில கம்பெனிகள் டிஸ்க்கின் நடுவில் தொப்பிபோல் புடைத்திருக்கும் பகுதியைக் குடைந்து, அதையே ஒரு சின்ன டிரம்மாக்கி, உள்ளே இரண்டு சின்ன ஷூக்களை வைத்தன. 1995-இல் புனேயில் தயாராகத் தொடங்கிய பென்ஸ் டபிள்யூ 124-இல் இதுதான். ஹோண்டா சிஆர்வியிலும் இதுதான். கால் பிரேக்குக்கும் இந்த ஷூவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஹேண்ட் பிரேக்குக்காக மட்டுமே அது அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அமைப்பு அழகானது. இரண்டு ஷூவும் ஒரு முனையில் ஆங்கர் ஊசியில் சாய்ந்திருக்கும்; மறுமுனையில் பல் சக்கரம் வைத்த அட்ஜஸ்டர் இரண்டையும் இணைக்கும். அந்த அட்ஜஸ்டர் எதிலும் கட்டப்படாமல் மிதக்கிறது. சரிவில் சக்கரம் உருளப் பார்த்தால், அது ஒரு ஷூவைத் தன்னோடு இழுக்கும். அந்த ஷூ அட்ஜஸ்டர் வழியாக அடுத்த ஷூவை டிரம்மோடு அழுத்தும். வண்டி எவ்வளவு உருளப் பார்க்கிறதோ, அவ்வளவு பிடி கூடும். முன்னால் உருண்டாலும் பின்னால் உருண்டாலும் இதே கதைதான். கை கொடுக்கும் கொஞ்ச பலத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை டன் வண்டியை மலைச்சரிவில் நிறுத்துவது இந்த ஏற்பாடுதான். கார்களின் பிரேக்குக்கான ஐ.நா. விதிமுறை 13-எச், முழுப் பாரம் ஏற்றிய காரை ஹேண்ட் பிரேக் 20 சதவீதச் சரிவில் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. ஐந்து அடி போனால் ஒரு அடி ஏறும் சரிவு. அதற்குக் கை கொடுக்கவேண்டிய பலம் 400 நியூட்டனுக்கு மேல் போகக்கூடாது. ஏறக்குறைய நாற்பது கிலோவைத் தூக்கும் பலம். எங்கள் ஊரில் வீட்டு வாசலுக்குப் போகும் சந்துகள் பல இந்தச் சரிவுக்குக் குறைந்தவை அல்ல.

குன்னூரில் ஓய்வு பெற்ற டீச்சர் அம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் இரண்டாம் தலைமுறை சிஆர்வி, ஆட்டோமேட்டிக். முன் சீட்டுகளுக்கு நடுவில் மடக்கு மேசை இருக்கும். ஹேண்ட் பிரேக் டேஷ்போர்டை ஒட்டி நிற்கும். கீழே ஒரு பட்டறையில் கேபிளை இரண்டு முறை இறுக்கிக் கொடுத்திருந்தார்கள். மழை தொடங்கிய சமயத்தில் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, லீவரு கல்லு மாதிரி இருக்குது. வண்டி மட்டும் நிக்க மாட்டேங்குது."

"பின் வீலுக்குக் கல்லு வெச்சிருங்கம்மா. பி-யிலயே இருக்கட்டும். நான் வர்றேனுங்க."

அவருடைய மகளும் அப்போது ஊருக்கு வந்திருந்தார். "அண்ணா, இதை வீட்டுலயே பண்ண முடியுமா? நான் கத்துக்கணும்" என்றார். முடியும். காரணம் எளிது: இந்த வேலையில் பிரேக் ஆயில் பக்கமே போக வேண்டியதில்லை. கேலிப்பரை ஹோஸோடு அப்படியே கழற்றி ஓரமாகக் கட்டிவிடலாம். ஆயில் லைனைத் திறக்காததால் காற்று எடுக்கும் வேலையும் இல்லை. கவனமும் ஒரு பகல் பொழுதும் இருந்தால் வண்டிக்காரரே செய்யக்கூடிய பிரேக் வேலை இது.

மலையில் இதற்குப் பெரிய தடை சமதளம் கிடைப்பதுதான். டிஸ்க்கைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கியாக வேண்டும். பிடித்து வைக்கும் ஒன்றை இறக்கிவிட்டுத்தான் வேலையே தொடங்குகிறது. டீச்சர் வீட்டு வாசல் சரிவு. அங்கே தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியின் சிமெண்ட் களத்தில் அனுமதி வாங்கி வண்டியைக் கொண்டுபோனோம். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. கியர் பி-யில். பின்னால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் தூக்குவது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்; தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லாதவர் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

முதலில் கேபிளைத் தளர்த்தினோம். இறுக்கியிருந்ததை எல்லாம் திருப்பி விட்டு, கேபிள் தொங்கும் அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினேன். இந்த வரிசை முக்கியம். ஏன் என்பது பின்னால் வரும்.

சக்கரத்தைக் கழற்றி, கேலிப்பர் பிராக்கெட்டின் இரண்டு போல்ட்டையும் எடுத்து, கேலிப்பரைக் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டேன். ஹோஸில் தொங்கவிடக்கூடாது. இனி டிஸ்க் வர வேண்டும். ஹோண்டாவில் டிஸ்க்கை ஹப்போடு பிடித்திருப்பவை இரண்டு தட்டைத்தலை ஸ்க்ரூக்கள். மலை ஈரத்தில் அவை உறைந்துபோயிருக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் தலை வழுக்கி மழுங்கிவிடும். சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பேக்ட் டிரைவர் ஒன்று வேண்டும், விலை அதிகமில்லை. ஸ்க்ரூ வந்தாலும் டிஸ்க் வராது, துரு பிடித்து ஹப்போடு ஒட்டியிருக்கும். டிஸ்க்கின் முகத்திலேயே மறை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அதில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை விட்டு, இதைக் கால் சுற்று, அதைக் கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருகினால், போல்ட் ஹப்பை உந்த, டிஸ்க் தானாக எழும்பி வரும். பெரிய சுத்தியலால் பின்னாலிருந்து அறைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அடி முழுதும் வீல் பேரிங்குக்குப் போகிறது. அப்படியும் வராவிட்டால், உள்ளே ஷூ டிரம்மின் துரு விளிம்பில் மாட்டியிருக்கிறது என்று பொருள். டிஸ்க்கில் ரப்பர் மூடி போட்ட துளை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பல் சக்கரத்தைத் திருப்பி, ஷூவைச் சுருக்க வேண்டும்.

டிஸ்க் வந்ததும் டீச்சரின் மகள் குனிந்து பார்த்தார். "லைனர் நிறைய இருக்கே அண்ணா" என்றார். இருந்தது. 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனால்தான் மாற்ற வேண்டும். இதில் அதைவிட நன்றாகவே இருந்தது. நான் விரல் நகத்தை லைனருக்கும் இரும்புக்கும் நடுவில் விட்டுக் காட்டினேன். ஒரு முனையில் பாளமாக எழும்பி வந்தது.

டிஸ்க் வண்டியின் ஹேண்ட் பிரேக் ஷூ தேய்ந்து சாவது குறைவு. லீவரை இறக்க மறந்து ஓட்டினால்தான் தேயும். மற்றபடி அது ஓடும்போது வேலை செய்வதே இல்லை. வேலை இல்லாததால்தான் அது கெடுகிறது. டிரம்மின் உள்முகம் துருப்பிடிக்கும், துடைக்க ஆள் கிடையாது. லைனரை இரும்போடு ஒட்டியிருக்கும் பசைக்கு அடியில் துரு ஊர்ந்துபோய் லைனரைத் தூக்கும். ஒருநாள் அது மொத்தமாகக் கழன்று உள்ளேயே உருளும். சமயத்தில் சக்கரத்தையே பூட்டிவிடும். கனம் அளக்கும் கருவி இதைச் சொல்லாது. லைனர் இருக்கிறது என்று மூடி வைப்பவர்களும், கேபிளை இறுக்குபவர்களும் செய்வது ஒரே வேலைதான்.

மாற்றும் வேலையில் என் பிடிவாதம் ஒன்று: எப்போதும் ஒரு பக்கம் முடித்த பிறகே அடுத்த பக்கத்தைப் பிரிக்க வேண்டும். இரண்டையும் ஒரேயடியாகப் பிரித்துப் போட்டால், எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில், எந்தக் கொக்கி முன்னால், எந்தக் கொக்கி பின்னால் என்று பார்க்க மாதிரி இருக்காது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. ஆனால் படத்தில் ஆழம் தெரியாது. இடது பக்கமும் வலது பக்கமும் கண்ணாடிப் பிம்பங்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அட்ஜஸ்டரின் மறை பல வண்டிகளில் பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

ஷூவைத் தட்டோடு பிடித்திருக்கும் ஊசியையும் அதன் ஸ்பிரிங்கையும் முதலில் எடுக்க வேண்டும். பின்னால் ஒரு விரலால் ஊசியின் தலையை அழுத்திக்கொண்டு, முன்னால் பிளேயரால் ஸ்பிரிங்கை அமுக்கிக் கால் சுற்று திருப்பினால் வந்துவிடும். ரிட்டர்ன் ஸ்பிரிங் எடுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அது பாய்ந்தால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிறம் மாறின, சுருள் இடைவெளி விட்ட ஸ்பிரிங்கை மறுபடி போடாதீர்கள்; ஷூ வாங்கும்போதே ஸ்பிரிங் செட்டும் சேர்த்து வாங்கிவிடலாம். ஷூவை எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். அவசரத்துக்கு ஓட்டத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் வண்டி ஈர ரோட்டில் வாலை ஆட்டும்.

பின் தட்டில் ஷூவின் ஓரம் உரசும் மேடுகள் உண்டு. அவற்றைச் சுரண்டி, சூடு தாங்கும் கிரீஸை விரல் நுனியில் எடுத்துப் பூச வேண்டும். மிளகளவு போதும். கிரீஸ் பட்ட கையோடு லைனரைத் தொடக்கூடாது. அட்ஜஸ்டரைப் பிரித்து, மறையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அதற்கும் கிரீஸ். டிரம்மின் உள்முகத் துருவை எமரியால் எடுத்து, விளிம்பில் எழும்பியிருக்கும் துரு உதட்டையும் சுரண்டிவிட வேண்டும். அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

வலது பக்கத்தைப் பிரித்தபோது உண்மையான குற்றவாளி வெளியே வந்தது. அங்கே லைனர் கெடவில்லை. அட்ஜஸ்டரின் மறை உறைந்துபோயிருந்தது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிப்போனது, சரிசெய்ய வழியில்லை. அந்த இடைவெளியைத்தான் கேபிளை இறுக்கி மறைத்திருந்தார்கள். இதை மகளுக்குக் கையால் காட்டினேன். கேபிள் இழுப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன நெம்புகோலை. அது போகக்கூடிய தூரம் கொஞ்சம்தான். கேபிளை இறுக்கும்போது, லீவரைத் தொடுவதற்கு முன்பே அந்த நெம்புகோல் பாதி தூரம் போய்விடுகிறது. மீதி பாதியில் ஷூ டிரம்மைத் தொட்டதும் தொடாததுமாக நெம்புகோல் முட்டி நின்றுவிடும். கைக்கு லீவர் கெட்டியாகத் தெரிவது அந்த முட்டலால். பிடியால் அல்ல. டீச்சர் சொன்ன கல் அதுதான். அதோடு, ஷூ ஆங்கரை விட்டு விலகியே இருப்பதால் லீவரை இறக்கினாலும் உரசக்கூடும். என் மேஸ்திரி சொல்வார்: "கேபிளு தபால்காரன்டா. வீட்டுல ஆளு இல்லைன்னா அவனைப் போட்டு அடிச்சு என்ன பிரயோசனம்?"

வலது பக்கத்தை அவரே மாட்டினார். கடைசி ஸ்பிரிங் கொக்கியைத் துளையில் இறக்க நேரம் பிடித்தது. நான் கை கொடுக்கவில்லை. டிஸ்க்கைப் போட்டு, இரண்டு வீல் நட்டால் அதை ஹப்போடு அழுத்தி வைத்து, துளை வழியாகப் பல் சக்கரத்தைத் திருப்பினார். டிஸ்க் கையால் சுற்ற முடியாமல் பூட்டிக்கொள்ளும் வரை திருப்ப வேண்டும். பிறகு புத்தகத்தில் சொன்ன எண்ணிக்கைக்குப் பற்களைப் பின்னால் விட வேண்டும். வண்டிக்கு வண்டி மாறும். எட்டு பல் என்பது பல ஜப்பான் வண்டிகளின் கணக்கு. சுற்றிப் பார்த்தால் உரசல் கூடாது. இரண்டு பக்கமும் இது முடிந்த பிறகு, கடைசியாகத்தான் கேபிள். லீவர் இறங்கியிருக்கும்போது கேபிளில் துளி தளர்ச்சி இருக்க வேண்டும். வீல் நட்டு இந்த வண்டிக்கு 108 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச்சால் இறுக்கினோம்.

புது ஷூ உடனே முழுப் பிடி பிடிக்காது. டிரம்மோடு பழக வேண்டும். மறுநாள் அதிகாலை வண்டி மேட்டுப்பாளையம் போக வேண்டியிருந்தது, நானும் ஏறிக்கொண்டேன். மலை இறங்கும்போது இதைச் செய்யக்கூடாது. கல்லாறு தாண்டிப் பாக்குத்தோப்புகளுக்கு நடுவில் ரோடு சமமாகிற இடத்தில், பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, 50 கிலோமீட்டர் வேகத்தில், பட்டனை அழுத்தியபடியே லீவரை லேசாக இழுத்துப் பிடித்து ஏறக்குறைய 400 மீட்டர் ஓட்டினோம். லீவரை இறக்கி, ஆற விட்டு, மறுபடி ஒரு முறை. மெல்லிய கருகல் வாடை வரும், பயப்பட வேண்டாம். திரும்பி வந்து லீவர் பற்களை எண்ணி, கேபிளை மறுபடி ஒரு முறை சரிபார்த்தோம். டீச்சர் வீட்டுச் சரிவில் வண்டியை நியூட்ரலில் போட்டு, கால் பிரேக்குக்கு மேலேயே காலை வைத்துக்கொண்டு மெல்ல எடுத்துப் பார்த்தோம். மேலே பார்த்து ஒரு முறை, கீழே பார்த்து ஒரு முறை. இரண்டு பக்கமும் நின்றது.

அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் பலரும் பி-யில் போட்டால் போதும் என்று ஹேண்ட் பிரேக்கைத் தொடுவதே இல்லை. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன இரும்புப் பல்லில் மொத்த வண்டியும் தொங்குகிறது, ஷூ துருப்பிடிக்கிறது. கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, வண்டி அதில் உட்கார்ந்த பிறகு பி-க்குப் போங்கள். தினமும் போடுங்கள். வாரக்கணக்கில் ஊருக்குப் போகிறீர்கள், மழைக்காலம், நிறுத்துமிடம் சமதளம் என்றால் மட்டும் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இல்லையென்றால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வண்டியைக் கொடுக்கும்போது, "கேபிளை இறுக்கிட்டேன்" என்று மெக்கானிக் சொன்னால், "வீலைக் கழட்டிப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், பார்த்துவிட்டு இறுக்கச் சொல்லுங்கள். அந்த வேலைக்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.